கமலாதேவி விரட்டிய பிள்ளை

“உங்கட பேய்ச்சோத்தை எடுத்துக்கொண்டு போங்கோ மச்சாள். எனக்கு அப்பிடியொரு பிள்ளை இல்லை.”

வாசற்கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கமலாதேவி என்னைப் பார்த்துச் சீறினாள். என் கையில் வாழையிலையால் மூடிய தட்டு. சோறு, பயற்றங்காய்க் கறி, பொரித்த சூடை மீன். அன்றைக்கு மார்கழிப் பறுவம், முழுநிலா நாள். கடல் ஊருக்குள் வந்து அவளுடைய மகன் சிவரூபனைக் கொண்டுபோன திதி. செத்துப்போனவர்கள் விரும்பிச் சாப்பிட்டதை வருடத்தில் ஒருநாள் சமைத்து, அவர்களுக்குப் படைத்து, பிறகு நாங்கள் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அவள் அதை விட்டுவிட்டாள். அதனால் நான் என் வீட்டில் படைத்துப்போட்டு, பெற்றவளுக்கு என்று ஒரு தட்டுக் கொண்டுபோனேன்.

“பேயோ? உன்ர வயித்தில பத்து மாசம் கிடந்தது பேயோடி?”

“அது என்ர பிள்ளை இல்லை. அவன்ர முகத்தைப் போட்டுக்கொண்டு வாறது வேற. பாஸ்டர் சொன்னவர்.”

“பாஸ்டர் நேர போய்ப் பாத்திட்டு வந்தவரோ?”

“உங்களுக்கு விளங்காது. நீங்கள் இருட்டில இருக்கிறியள்.”

“இருட்டில இருக்கிறது நீ. போன கிழமை லைட் வெட்டினது உன்ர வீட்டில.”

கதவை அடித்துச் சாத்தினாள். தட்டைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்க்கும்போது காகங்கள் தின்றுகொண்டிருந்தன. பெற்றவளுக்கு வேண்டாததைக் காகமாவது தின்னட்டும் என்று நடந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கமலாதேவி என் தம்பி சின்னராசாவின் பெண்சாதி. அவளை இலங்கைத்துறைக்குக் கட்டிக்கொண்டு வந்த நாளில் எங்கள் ஊர்ப் பெண்களில் அவளைப்போல் வாய்காட்டுகிறவள் ஒருத்தியும் இல்லை. மீன் வாங்க வருகிற வியாபாரியை நடுக்கரையில் நிறுத்தி வைத்துக் கிழிப்பாள். சிரித்தால் அடுத்த வளவில் நாய் குரைக்கும். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கீர்த்தனி. இளையவன் சிவரூபன். அவனுக்கு ஏழு வயது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை என்று பிள்ளையை நித்திரையில் விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கரையிலிருந்து தள்ளி ஊரின் உட்பக்கம் இருக்கிற கிணற்றுக்கு உடுப்புத் தோய்க்கப் போனாள். சின்னராசா கடலில். வந்த தண்ணீர் கிணற்றடிக்கு வரவில்லை. வீட்டைக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் தாழம்பற்றைக்குள் பிள்ளையைக் கண்டெடுத்தோம். கிடங்கு வெட்டுகிற மிசின் ஒன்று வந்தது. ஊர்ச் சனத்தோடு சனமாக அவனையும் அந்தக் குழிக்குள் வைத்து மூடினார்கள். குளிப்பாட்டவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. எந்த இடத்தில் கிடக்கிறான் என்று காட்ட ஒரு கல் இல்லை. அதனால்தான் அவளுக்கு அந்தப் பறுவத்துப் படையல் பெரிய காரியம். அவள் பிள்ளையைப் போய்ப் பார்ப்பதற்கு வேறு இடம் கிடையாது.

பிறகு சண்டை வந்தது. ஊரை விட்டு ஓடினோம். முகாமில் ஒருநாள் சின்னராசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், எழும்பவில்லை. சண்டை முடிந்து, சீனன்குடாப் பக்கம் கட்டிக்கொடுத்த வீடுகளில் அவளுக்கு ஒன்று கிடைத்தது. எனக்கு அடுத்த ஒழுங்கையில் ஒன்று. அவள் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போட்டு மகளை வளர்த்தாள்.

முதலில் அவள் கோயிலுக்குத்தான் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே தர்மகர்த்தாவின் பெண்சாதி, “போன பிறப்பில என்ன செய்தனியோ, அதுதான் பிள்ளையில விடிஞ்சிருக்கு” என்று சர்க்கரைச் சாதம் கொடுத்துக்கொண்டே சொன்னாளாம். கமலா அந்தச் சாதத்தை அவளுடைய கையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தவள், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அவள் போகாததைப் பற்றிக் கோயிலில் ஒருவரும் விசாரிக்கவும் இல்லை.

சபைக்காரப் பெண்கள் அப்படி இல்லை. அதை மறைக்க மாட்டேன். தகரக் கொட்டில், வெள்ளைப் பெயின்ற், பிளாஸ்டிக் கதிரை, இரண்டு ஸ்பீக்கர். அவ்வளவுதான் அவர்களுடைய சபை. அந்தப் பெண்கள் அரிசியும் சவர்க்காரமும் கொண்டுவந்தார்கள். நிலத்தில் இருந்து அவளோடு சேர்ந்து அழுதார்கள். “பிள்ளையின்ர பேர் என்ன அக்கா?” என்று கேட்டார்கள். அதுவரைக்கும் அவளிடம் அதைக் கேட்டவர்கள் நிவாரணம் பதிய வந்தவர்கள்தான். நாங்கள் எல்லாரும் எங்கள் எங்கள் பிணங்களோடு இருந்தோம். அவள் பக்கத்தில் இருந்து அழ எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தாள். பழையபடி சிரித்தாள். எனக்குக்கூட, போகட்டும், எந்தச் சாமியென்றால் என்ன என்று தோன்றியது.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கினது. சாமிப் படங்களை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடாதே என்றார்கள், விட்டாள். மூன்றாவதாகப் பிள்ளைக்குப் படைக்கிறதில் வந்து நின்றார்கள். அதில் மட்டும் அவள் இழுத்தடித்தாள். அதனால் பாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், பிறகு வாய் கொப்பளிக்க வேண்டிவரும்.

“சகோதரி, உம்முடைய மகன் விக்கிரகம் கும்பிட்ட வீட்டில் செத்தவன். அவன் எங்கே இருக்கிறான் என்று நான் சொல்லத் தேவையில்லை,” என்றானாம். “அவனை விட்டுவிடும். நீர் சோறு வைக்கிறது அவனுக்கு இல்லை. அவன் முகத்தோடு வருகிற சாத்தானுக்கு.”

அதைச் சொன்ன வாயால், அவளை மேடையில் ஏறிச் சாட்சி சொல்லவும் சொன்னான். அதிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் அவள்தான் அந்தச் சபைக்கு விசேஷம். கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவளிடம் மைக்கைக் கொடுப்பார்கள். நான் ஒருமுறை வேலிக்கு வெளியே மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது கேட்டேன். ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது. “நான் கல்லைக் கும்பிட்டபடியால் என் பிள்ளையைப் பறிகொடுத்தேன். என் பாவத்துக்காக அவன் அக்கினியில் இருக்கிறான்.” அழுதழுது சொன்னாள். உள்ளே அல்லேலூயா என்றார்கள். மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

வேதக்காரர் எல்லாரையும் நான் சொல்லவில்லை. என் பக்கத்து வீட்டு லில்லி கத்தோலிக்கம். அவள் கார்த்திகை மாதம் சவக்காலைக்குப் போய்ச் செத்துப்போன தன் ஆட்களுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள். அந்தப் பாஸ்டர் அவளுக்கும் நரகத்தில் இடம் பிடித்து வைத்திருந்தான்.

கீர்த்தனிக்கு அப்போது இருபது வயது. அவளும் அந்தச் சாட்சியைக் கேட்டாள். அன்றைக்குத் தாயும் மகளும் சண்டை பிடித்தது என் வீட்டில்தான்.

“தம்பி நெருப்பில எரியுறான் எண்டு மைக்கில சொல்லுறியே, உனக்கு நாக்குக் கூசேல்லையா அம்மா?”

“உண்மையைச் சொன்னாத்தான் விடுதலை.”

“யாருக்கு விடுதலை? நித்திரையில கிடந்த பிள்ளை அவன். அவன் எந்தக் கல்லைக் கும்பிட்டவன்?”

“கீர்த்தனி, சாத்தான் உன்ர வாயால கதைக்கிறான்.”

“அப்ப சாத்தானுக்கு உன்னைவிடப் புத்தி இருக்கு.”

அவள் அந்த வருடமே கந்தளாயில் ஒரு வயல்காரப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். கோயிலில் கலியாணம் என்று தாய் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கமலாவுக்கென்று ஒரு கதிரையை முன்வரிசையில் விட்டிருந்தார்கள். பந்தி முடியும்வரை அதில் ஒருவரும் இருக்கவில்லை.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம் போனது. கமலா மெலிந்து, முகம் கறுத்து, தெருவில் என்னைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவாள். வாய்காட்டுகிற கமலா எங்கே போனாள் என்று தெரியவில்லை. கடைக்காரன் இடியப்பத்துக்குக் குறைத்துக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வருவாளாம்.

அவளை அந்தச் சபையிலிருந்து எழுப்பினது நான் இல்லை. மகளும் இல்லை. இன்னொரு பிள்ளை.

சபை மூப்பரின் பேரன், ஜோயல் என்று பெயர். அவனுக்கும் ஏழு வயது. டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனான். கமலா அந்த வீட்டில் மூன்று நாளும் நின்று இடியப்பம் அவித்தாள். அடக்கத்தில் பாஸ்டர் பிரசங்கம் செய்தான். பிள்ளை இயேசுவின் மடியில் விளையாடுகிறான், அழாதேயுங்கள், பரலோகத்தில் அவனைக் காண்பீர்கள் என்று. நல்ல வார்த்தைதான். அந்தத் தாய்க்கு அது வேண்டும். கமலாவும் அழுதுகொண்டு ஆமென் சொன்னாள். வீட்டுக்கு வந்து, இடியப்பத்துக்கு மா அரித்துக்கொண்டு இருக்கும்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்கிறது.

அந்தச் சபையில் பெரியவர்களுக்குத்தான் ஞானஸ்நானம். பிள்ளைகளுக்கு இல்லை. ஜோயலுக்கும் கொடுக்கவில்லை. சிவரூபனுக்கும் கொடுக்கவில்லை. வயதும் ஒன்று.

செத்த வீட்டில் கேட்கக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தாள். ஆராதனை நடுவில் எழும்பினாள்.

“பாஸ்டர், ஒண்டு கேக்கவேணும்.”

“சகோதரி, பிறகு பேசுவோம்.”

“இல்லை, இப்ப. ஜோயல் மடியில இருக்கிறான் எண்டு சொன்னீங்கள். என்ர பிள்ளை எங்க?”

“உட்காரும் சகோதரி. அந்தப் பிள்ளையின் வீடு விசுவாச வீடு.”

“பிள்ளை என்ன விசுவாசிச்சது? ரெண்டும் பால்பல்லு விழுந்த பிள்ளையள். மூப்பரின்ர பேரனுக்கு மடி, இடியப்பக்காரியின்ர பிள்ளைக்கு நெருப்போ?”

பாட்டுக்காரர் மேளத்தை அடிக்கத் தொடங்கினார்கள், அவளுடைய சத்தத்தை மூடுவதற்கு. அவளுடைய சத்தத்தையா மூடுவது? இலங்கைத்துறைக் கரையில் வாங்கிய குரல் அது. மேளத்துக்கு மேலால் கேட்டாள்: “பதில் தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ. பத்து வருசத்துக்கு முன்னம் தெரியாது எண்டு சொல்லியிருந்தா நான் என்ர பிள்ளையோட இருந்திருப்பன்.”

இரண்டு பேர் அவளைக் கையில் பிடித்து வெளியே விட்டார்கள். செருப்பு உள்ளேயே கிடந்தது. அந்த வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு நேரே என் வீட்டுக்கு வந்தாள். குசினி வாசலில் குந்தினாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“மச்சாள், அவன் வந்தவன்.”

“ஆர்?”

“சிவரூபன். கனவில வந்தவன். நான் விரட்டிப்போட்டன்.”

அப்போதுதான் எனக்கு அந்தக் கதை தெரியவந்தது. படையலை விட்ட முதல் வருடம் பிள்ளை கனவில் வந்திருக்கிறான். உடம்பெல்லாம் ஈரம். “அம்மா, குளிருது” என்றானாம். இவள் எழும்பிப் போய்ப் பாஸ்டரிடம் சொன்னாள். அது சாத்தான், வந்தால் இயேசுவின் நாமத்தில் அப்பாலே போ என்று சொல் என்றான், உபவாசம் இருக்கவும் சொன்னான். அடுத்தமுறை வந்தபோது கனவுக்குள்ளேயே கத்தினாள், அப்பாலே போ சாத்தானே என்று. பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகும் வந்தான். பிறகும் கத்தினாள். கடைசியாக வந்த நாள் அவன் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றான், வரலாமோ என்று கேட்கிற மாதிரி. அப்போதும் கத்தினாள். அதற்குப் பிறகு வரவில்லை.

“அதையும் சாட்சியாச் சொன்னனான் மச்சாள். வெற்றி கிடைச்சிட்டுது எண்டு. எல்லாரும் கை தட்டினவை. நானும் தட்டினனான்.”

அவளுடைய காலில் கொப்புளம் போட்டிருந்தது. எண்ணெய் எடுத்துவந்து பூசினேன்.

விட்டு வந்தால் சுகம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வராது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு வருத்தம் கூடினது. சபைக்காரர் ஒருவரும் கதைக்கவில்லை. வருடக்கணக்காகக் கூட இருந்து அழுத பெண்கள், கடையில் கண்டால் குடையைச் சரித்துப் பிடித்தார்கள். அதில் ஒருத்தி, “பின்வாங்கினவையின்ர வீட்டில அடுத்த அடி விழும்” என்று சொல்லிப்போட்டுப் போனாள். கந்தளாயில் கீர்த்தனியின் குழந்தைக்குத் தடிமன், காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலே கமலா செபம் செய்யத் தொடங்குவாள், பாதியில் நிறுத்துவாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பகலிலும் படுப்பாள், பிள்ளை வருவான் என்று. வரவில்லை.

நான் பொறுக்கமாட்டாமல் அவளை ஒரு பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெற்றிலையைப் பார்த்தார். பிள்ளையின் ஆவியைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் பேரப்பிள்ளைக்கும் ஆகாது என்றார். கருஞ்சேவல் கேட்டார். கமலா என் காதுக்குள், “இவரும் பாஸ்டர்தான் மச்சாள். மைக் மட்டும் இல்லை” என்றாள். எழும்பி வந்துவிட்டோம். பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்து நான் பார்த்தது கனகாலத்துக்குப் பிறகு. சிரிப்பு அப்படியே அழுகையாகப் போனது.

போன மார்கழி பிறந்தவுடன் அவள் வந்து, “இந்த முறை நான் படைக்கப்போறன்” என்றாள். பறுவம் தைப்பொங்கலுக்கு முதல்நாள் வந்தது.

“செய்,” என்றேன்.

“அவனுக்கு என்ன பிடிக்கும் மச்சாள்?”

நான் பார்த்தேன்.

“எனக்கு மறந்துபோச்சு. நினைக்காதே நினைக்காதே எண்டு சொல்லிச் சொல்லி, நினைச்சா உபவாசம் இருந்து… இப்ப நினைச்சுப் பாத்தா ஒண்டும் வருகுதில்லை. பல்லு விழுந்தது எந்தப் பக்கம் எண்டும் தெரியேல்லை.”

பெற்றவள் என்னிடம் கேட்கிறாள், தன் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று. அந்தப் பாஸ்டர் அவளிடமிருந்து வேறு எதை எடுத்திருந்தாலும் நான் ஆறியிருப்பேன்.

கீர்த்தனிக்குப் போன் போடச் சொன்னேன். மகளோடு அவள் கதைத்தே எத்தனையோ காலம். நம்பரை நான்தான் அமத்திக் கொடுத்தேன். அவள் கேட்டது அது ஒன்றுதான். கீர்த்தனி அடுத்தநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். தாயைக் கட்டிப் பிடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. குசினியில் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

“சூடை பொரிச்சா முள்ளோட தின்னுவான். பூசணிக்காய் தின்னான், கோழிக்குப் போடுவான். மேல் பல்லு, இடப்பக்கம். நான்தான் நூல் கட்டி இழுத்தனான், நீ எனக்கு அடிச்சனி.”

“நான் அடிச்சனானோ?”

“அகப்பைக் காம்பால.”

கமலா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். இடப்பக்கம். முள்ளோடு. பூசணி இல்லை.

“எண்டாலும் அம்மா,” என்றாள் கீர்த்தனி, “அது ஏழு வயசுத் தம்பி. அவன் இருந்தா இப்ப இருபத்தேழு. என்னைவிட உயரமா நிப்பான்.”

கமலா பறுவத்துக்கு முதல்நாள் காலையில், “மச்சாள், கிண்ணியாவுக்கு வாறியளோ?” என்று வந்து நின்றாள். படையலில் புதுத்துணி ஒன்றும் வைப்பார்கள். பாலத்தைக் கடந்து பஸ்ஸில் போனோம். பொங்கல் வியாபாரம், கடைத்தெருவில் சனம். ஸெய்னுதீன் என்கிற மனிசனின் உடுப்புக்கடைக்குள் போனோம்.

“ஆருக்கும்மா?” என்றார்.

“மகனுக்கு. சேட் ஒண்டு.”

“என்ன வயசு?”

கமலா என்னைப் பார்த்தாள். “ஏழு,” என்றாள்.

அவர் கப்பல் படம் போட்ட சின்னச் சேட் ஒன்றை எடுத்து விரித்தார். அவள் அதன் இரண்டு தோளையும் பிடித்துக் கனநேரம் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவளே மடித்து, மேசையில் தள்ளி வைத்தாள்.

“இல்லை. இருபத்தேழு.”

மனிசன் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். கிண்ணியாவுக்குள்ளும் அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. அவருக்கு அதற்குமேல் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“ஆள் உயரமா?”

“தகப்பன்ர உயரம் வந்திருக்கும்.”

“மெலிவா?”

“தெரியாது தம்பி.”

“அப்ப கொஞ்சம் பெரிசா எடுங்க உம்மா. சின்னனாப் போனா ஒண்டும் செய்யேலா.”

நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட சேட். கமலா அதைத் தன் நெஞ்சோடு வைத்து, கையின் நீளத்தைப் பார்த்தாள். கை அவளுடைய விரல்களைத் தாண்டித் தொங்கினது. நான் விலை குறைத்துக் கேட்க வாயைத் திறந்தேன். “வேண்டாம் மச்சாள், அவனுக்கு” என்று என் கையைப் பிடித்தாள்.

இரண்டாயிரத்து நானூற்றைம்பது ரூபா.